கர்னல் சி.கே. நாயுடு: ஸ்கோர் புத்தகம் சொன்னதும் சொல்லாததும்



மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். ஹாஸ்டல் மெஸ், பரமசிவன் கோயில் மலை, குரங்கணி டிரெக்கிங் எல்லாம் மற்ற நண்பர்கள் எப்படியும் எழுதிவிடுவார்கள். நான் வேறு ஒன்றை எழுதுகிறேன். எண்களோடு பிழைப்பு நடத்துகிற ஒரு இன்ஜினீயர் என்ற முறையில், எண்களால் சரியாக அளக்க முடியாத ஒரு மனிதரைப் பற்றி உங்களிடம் சொல்ல ஆசை.

அவர் கர்னல் சி.கே. நாயுடு. இந்தியாவின் முதல் டெஸ்ட் கிரிக்கெட் கேப்டன். பொது அறிவுப் புத்தகத்தில் ஒரு மார்க் கேள்வியாக வருவார். விடையை மனப்பாடம் செய்து எழுதிவிட்டு நாமும் அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம்.

அவருடைய டெஸ்ட் கணக்கை எடுத்துப் பாருங்கள். 7 டெஸ்ட், 14 இன்னிங்ஸ், 350 ரன், சராசரி 25, அதிகபட்சம் 81. சதம் இல்லை. விக்கெட் 9. இன்றைக்கு ஒரு பையன் இந்தக் கணக்கோடு வந்து நின்றால் இரண்டாவது வாய்ப்பு கிடைப்பதே கஷ்டம். அப்படிப்பட்டவர் பெயரை ஏன் இந்தியக் கிரிக்கெட் வாரியம் தன் வாழ்நாள் சாதனையாளர் விருதுக்கு வைத்தது? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் பழைய ஸ்கோர்களைப் புரட்ட ஆரம்பித்தேன். புரட்டியதில், 1945-ஆம் ஆண்டு பம்பாயில் நடந்த ஒரு ஆட்டத்தில் போய் மாட்டிக்கொண்டேன். அந்த ஆட்டத்துக்குப் போகும் முன் ஆளைப் பற்றிக் கொஞ்சம்.

நாக்பூர்ப் பையன்

கோட்டாரி கனகையா நாயுடு பிறந்தது 1895 அக்டோபர் 31, நாக்பூரில். வீட்டில் பேசியது தெலுங்கு. ஊரில் மராத்தியும் இந்தியும். வீட்டுக்குள் ஒரு பாஷை, தெருவில் ஒரு பாஷை என்பது நம்ம போடிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தாத்தா நாராயணசாமி நாயுடு நாக்பூரில் பேர் பெற்ற வக்கீல். வசதியான குடும்பம்தான்.

1916-ல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, பம்பாய் நாற்கட்சிப் போட்டியில் இந்துக்கள் அணிக்காக ஐரோப்பியர்களை எதிர்த்து ஆடத்தான் அவர் முதன்முதலில் பெரிய மைதானத்தில் இறங்கினார். ஏழு விக்கெட் விழுந்த பிறகு, வால் பகுதியில் ஆட வந்தவர். முதல் மூன்று பந்துகளைத் தடுத்துவிட்டு நாலாவது பந்தைத் தூக்கி சிக்ஸர் அடித்தார் என்று சொல்வார்கள். கணக்கைத் தொடங்கியதே ஆறில்!

1923-ல் இந்தூர் ஹோல்கர் மகாராஜா அவரை அழைத்துக்கொண்டார். சமஸ்தானப் படையில் உத்தியோகம், கூடவே கிரிக்கெட். அந்தக் காலத்தில் நம் நாட்டில் ஆட்டத்தை வைத்துப் பிழைக்க இதுதான் வழி. இங்கிலாந்தில் கவுண்டி அணிகள் சம்பளம் கொடுத்து ஆள் வைத்தன. இங்கே ராஜாக்கள் உத்தியோகம் கொடுத்து வைத்துக்கொண்டார்கள். கர்னல் என்ற பட்டம் வந்தது இந்தப் படை உத்தியோகத்தால்தான்.

1926 டிசம்பரில் ஆர்தர் கில்லிகன் தலைமையில் வந்த எம்.சி.சி. அணியை எதிர்த்துப் பம்பாய் ஜிம்கானாவில் ஆடினார். 153 ரன். அதில் 11 சிக்ஸர், 13 பவுண்டரி. கூட்டிப் பாருங்கள்: 66-ம் 52-ம் சேர்ந்து 118. அதாவது 153-ல் 118 ரன் ஓடாமலே எடுத்தது. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்த வேலை. இந்தியர்களும் டெஸ்ட் ஆடத் தகுதி உள்ளவர்கள்தான் என்ற பேச்சு வலுத்ததில் அந்த ஒரு இன்னிங்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டு வருஷம் கழித்து, 1928 டிசம்பரில், கிரிக்கெட் வாரியம் உருவானது.

முதல் டெஸ்ட் லார்ட்ஸ் மைதானத்தில் 1932 ஜூன் 25 அன்று தொடங்கியது. கேப்டனாகப் போனவர் போர்பந்தர் மகாராஜா. துணைக் கேப்டன் லிம்ப்டி இளவரசர். மகாராஜா தானாக ஒதுங்கிக்கொண்டார், இளவரசருக்கு அடிபட்டிருந்தது. அப்படித்தான் தலைமை சி.கே.யிடம் வந்தது. பீல்டிங்கில் கையில் அடி வாங்கியும் முதல் இன்னிங்ஸில் 40 ரன். இந்தியத் தரப்பில் அதுதான் அதிகம். ஆட்டத்தில் 158 ரன் வித்தியாசத்தில் தோற்றோம். ஆனால் அந்தச் சுற்றுப்பயணம் முழுவதும் முதல்தர ஆட்டங்களில் அவர் எடுத்தது 1,618 ரன், 65 விக்கெட். விஸ்டன் ஆண்டுமலர் 1933-ல் அவரை அந்த வருஷத்தின் ஐந்து சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது.

பர்மிங்ஹாமில் அவர் அடித்த ஒரு சிக்ஸர், மைதானத்தை ஒட்டி ஓடும் ரீ ஆற்றைத் தாண்டியது என்று ஒரு கதை உண்டு. அந்த ஆறு அப்போது இரண்டு மாவட்டங்களுக்கு எல்லையாம். நம்ம பாஷையில் சொன்னால், போடிமெட்டில் நின்று அடித்த பந்து சோதனைச் சாவடியைத் தாண்டிக் கேரளாவில் போய் விழுந்த மாதிரி!

அவர் சென்னைக்கும் கேப்டனாக வந்திருக்கிறார். 1934 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் நடந்த முதல் டெஸ்டில், ஜார்டின் தலைமையிலான இங்கிலாந்தை எதிர்த்து இந்தியாவை நடத்தியவர் இவர்தான். அதிலும் தோல்வி. 1936-ல் ஓவல் மைதானத்தில் தன் கடைசி டெஸ்டில், வேகப்பந்து ஒன்று மார்பில் பட்டும் நின்று ஆடி 81 ரன் எடுத்தார். அப்போது வயது 40.

இன்னொரு விஷயத்தைக் கவனியுங்கள். 1932 முதல் 1936 வரை இந்தியா ஆடிய டெஸ்ட் மொத்தமே 7. அந்த ஏழிலும் அவர் இருந்தார். அதற்கு மேல் ஆட டெஸ்டே இல்லை. 1939-40-ல் வருவதாக இருந்த எம்.சி.சி. அணி, போர் வந்ததால் வரவில்லை. அடுத்த டெஸ்டை இந்தியா ஆடியது 1946-ல்தான். பத்து வருஷம் அப்படியே போச்சு.

போர் வந்த காலம்

இரண்டாம் உலகப் போர் நம்ம ஊரையும் விட்டுவைக்கவில்லை. மதுரையிலிருந்து போடிக்கு 1928-ல் வந்த ரயில் பாதையைப் போர்க்காலத்தில் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். இரும்பு யுத்தத்துக்கு வேண்டியிருந்தது. ஏலக்காய் மூட்டையை ஏற்றிய தண்டவாளம் எங்கேயோ போர்முனைக்குப் போனது. பாதை மறுபடி போடப்பட்டது 1950-களில். (அகலப் பாதை வேலைக்காக 2010 கடைசியில் நின்ற ரயில் 2023 ஜூனில்தான் போடிக்குத் திரும்பி வந்தது. நாங்கள் படித்த வருஷங்களில் ரயிலே கிடையாது. தேனி பஸ்தான் கதி!)

விளையாட்டும் இதேபோல ஆள் இல்லாமல் தவித்தது. இங்கிலாந்தில் 1940 முதல் 1945 வரை கவுண்டி சாம்பியன்ஷிப் நடக்கவில்லை. அமெரிக்காவில் அவர்களுக்கு உயிரான பேஸ்பாலை நிறுத்த வேண்டாம், ஜனங்களுக்குக் கொஞ்சம் ஆறுதல் வேண்டும் என்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1942 ஜனவரியில் சொல்லிவிட்டார். ஆனால் பெரிய ஆட்டக்காரர்களில் பலர் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள். இடத்தை நிரப்ப, கிடைத்தவர்களை இறக்கினார்கள். 1945-ல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணிக்கு 77 ஆட்டங்கள் ஆடிய பீட் கிரே ஒற்றைக் கைக்காரர். 1944 ஜூன் 10 அன்று சின்சினாட்டி ரெட்ஸ் அணிக்குப் பந்து வீசிய ஜோ நக்ஸ்ஹாலுக்கு வயது 15.

அந்தப் பையனின் கணக்கைக் கொஞ்சம் பார்க்கணும். பேஸ்பாலில் பந்து வீசுபவரை, ஒரு முழு ஆட்டத்துக்கு, அதாவது 9 இன்னிங்ஸுக்கு, எத்தனை ரன் விட்டுக்கொடுப்பார் என்ற சராசரியால் அளப்பார்கள். மூன்றோ நாலோ இருந்தால் நல்ல ஆள். நக்ஸ்ஹால் அன்றைக்கு இரண்டே பேரை அவுட் ஆக்கினார். அதாவது ஒரு இன்னிங்ஸில் மூன்றில் இரண்டு பங்கு. விட்டது 5 ரன். சூத்திரத்தில் போட்டால் சராசரி 67.50! ஸ்கோர் புத்தகத்தின்படி உலகத்திலேயே மோசமான ஆள். 1952-ல் அதே பையன் மறுபடி வந்தார். ஓய்வு பெறும்போது அவர் பெயரில் 135 வெற்றிகள். பதினைந்து வயதில் பத்து நிமிஷம் வீசியதை வைத்து யாரும் கணக்கை மூடவில்லை என்பதால் அமெரிக்காவுக்கு ஒரு நல்ல ஆட்டக்காரர் கிடைத்தார்.

இந்தியாவில் 1934-ல் தொடங்கிய ரஞ்சிக் கோப்பை, போர் நடந்த ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. அங்கே பதினைந்து வயதுப் பையன் இறங்கினான். இங்கே நாற்பத்தொன்பது வயதுக்காரர் ஒருவர் கேப்டனாக இறங்கினார்.

பம்பாய், மார்ச் 1945

பிரபோர்ன் மைதானம். ரஞ்சி இறுதி ஆட்டம். பம்பாயும் ஹோல்கரும். நாள் கணக்குக் கிடையாது. முடிவு தெரியும் வரை ஆட வேண்டும். மார்ச் 4-ல் தொடங்கி 9-ல் முடிந்தது.

பம்பாயின் கேப்டன் விஜய் மெர்ச்சன்ட். முதல்தர ஆட்டங்களில் பிராட்மனுக்கு அடுத்த சராசரி, 71.64, வைத்திருந்தவர். கூட ரூசி மோடி. அந்த ஒரு ரஞ்சி சீசனில் மட்டும் 1,008 ரன் குவித்தவர். ஒரே ரஞ்சி சீசனில் ஆயிரத்தைத் தொட்ட முதல் ஆள்.

ஹோல்கர் பக்கம் சி.கே. கேப்டன். அவர் கண்டெடுத்து வளர்த்த இந்தூர்ப் பையன் முஷ்டாக் அலி. பக்கத்து மாவ் ராணுவ முகாமில் சார்ஜென்டாக இருந்த இங்கிலாந்துக்காரர் டெனிஸ் காம்ப்டன். போர் கொண்டுவந்து சேர்த்த விருந்தாளி. அப்புறம் சி.கே.யின் கடைசித் தம்பி சி.எஸ். நாயுடு. அண்ணனுக்கும் தம்பிக்கும் 18 வயதுக்கு மேல் வித்தியாசம். மதத்தின் பெயரால் அணி பிரித்துப் பம்பாயில் ஐங்கட்சிப் போட்டி ஆடிக்கொண்டிருந்த காலத்தில், இந்த அணி எல்லாரும் கலந்த அணியாக இருந்தது என்பதையும் மனதில் வையுங்கள்.

ஸ்கோர் இது:

பம்பாய் 462, 764.
ஹோல்கர் 360, 492.

பம்பாய்க்கு 374 ரன் வித்தியாசத்தில் வெற்றி. மொத்தம் 2,078 ரன். அதுவரை உலகத்தில் எந்த முதல்தர ஆட்டத்திலும் இத்தனை ரன் எடுக்கப்பட்டதில்லை. 1948-49-ல் பம்பாயும் மகாராஷ்டிராவும் பூனாவில் 2,376 எடுத்துத்தான் இதை முறியடித்தார்கள்.

பம்பாயின் இரண்டாவது இன்னிங்ஸில் மெர்ச்சன்ட் 278, மோடி 151, கூப்பர் 104. ஹோல்கருக்கு வந்த இலக்கு 867. எண்ணூற்று அறுபத்தேழு! ஐந்தாறு நாள் வெயிலில் நின்ற அணி, இந்த எண்ணைப் பார்த்ததும் மட்டையைக் கீழே வைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஹோல்கர் ஆடியது. முதல் இன்னிங்ஸில் 109 எடுத்திருந்த முஷ்டாக் அலி மறுபடியும் 139. காம்ப்டன் 249, ஆட்டமிழக்காமல். இருவரும் சேர்ந்து 388. மீதி ஒன்பது பேரும் உதிரியும் சேர்த்து 104. காம்ப்டன் ஒருவரே அணியின் ரன்னில் பாதிக்கு மேல். அவர் சதம் தாண்டி எடுக்கும் ஒவ்வொரு ரன்னுக்கும் பணம் தருவதாக ஒரு வியாபாரி வாக்குக் கொடுத்திருந்தாராம். ஆட்டம் முடிந்து தேடினால் ஆள் ஊரில் இல்லை என்று ஒரு வேடிக்கைக் கதையும் சொல்வார்கள்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது இந்த ரன்கள் இல்லை. பந்துவீச்சுப் பக்கத்தில் ஒரு வரி.

சி.எஸ். நாயுடு: முதல் இன்னிங்ஸில் 64.5 ஓவர், 10 மெய்டன், 153 ரன், 6 விக்கெட். இரண்டாவதில் 88 ஓவர், 15 மெய்டன், 275 ரன், 5 விக்கெட்.

கூட்டினால் 152 ஓவர், 5 பந்து. 917 பந்துகள். ஒரு ஆட்டத்தில் ஒரே ஆள் வீசிய பந்துகளில் உலக சாதனை. கொடுத்த 428 ரன்னும் உலக சாதனைதான்! ஒரு ஓவருக்கு மூணு நிமிஷம் என்று குத்துமதிப்பாக வைத்தால்கூட, அவர் தன் ஓவர்களை மட்டும் வீச ஏழரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். சுழல்பந்து வீச்சாளர். விரலும் மணிக்கட்டும் திருகித் திருகி 917 தடவை. போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளில் பாரம் ஏற்றிய லாரி ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வளைவு முடிந்தால் அடுத்தது, அது முடிந்தால் அடுத்தது. நின்றால் பின்னால் உருண்டுவிடும். அந்த மாதிரிதான் இது.

மீதிப் பந்துவீச்சாளர்களால் முடியாததைத் தன் தம்பியிடம் கேட்டு வாங்கினார் கேப்டன். தம்பியும் கொடுத்தார். தோற்ற அணியின் 11 விக்கெட்காரரைப் பேப்பர் தலைப்பில் தேடினால் கிடைக்க மாட்டார். ஸ்கோர் புத்தகம் மட்டும் அந்த உழைப்பை அப்படியே எழுதி வைத்திருக்கிறது.

எண் எதைச் சொல்லுது?

இப்போது நம் துறைக்கு வருவோம். சி.எஸ். நாயுடு ஆடிய டெஸ்ட் 11. எடுத்த விக்கெட் எத்தனை தெரியுமா? இரண்டு. சராசரி 179.50. இந்த ஒரு வரியை மட்டும் காட்டினால், பந்து பிடிக்கவே தெரியாத ஆள் என்றுதான் நினைப்போம். அவருடைய முதல்தர விக்கெட்டுகள் 647, சராசரி 26.54. பதினோரு டெஸ்டில் 2 விக்கெட். பம்பாய் இறுதி ஆட்டம் ஒன்றில் மட்டும் 11 விக்கெட். இரண்டும் ஒரே ஆள்தான், ஒரே கைதான்.

அண்ணன் கணக்கும் அப்படியே. முதல்தர ஆட்டம் 207, ரன் 11,825, சதம் 26, விக்கெட் 411. இதில் டெஸ்ட் ரன் 350 என்பது சுமார் 3 சதவீதம். அந்த மூன்று சதவீதத்தை வைத்துத்தான் இன்று அவரை அளக்கிறோம்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பழமொழிக்குள்ளே ஒரு நிபந்தனை இருக்கு. பானை முழுக்க ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே தீ. அப்போதுதான் ஒரு சோறு மொத்தத்துக்கும் சாட்சி. நம்ம ஊர் ஏலக்காய் ஏலத்தில் வியாபாரி முன்னால் வருவது ஒரு கைப்பிடி சாம்பிள். அதைப் பார்த்து, முகர்ந்து, லாட் முழுவதற்கும் விலை கேட்கிறார். அந்தக் கைப்பிடி மூட்டையின் மேலாகவும் அடியாகவும் கலந்து எடுத்ததாக இருந்தால்தான் விலை நியாயம். மேலே இருப்பதை மட்டும் அள்ளினால் யாரோ ஒருவருக்கு நஷ்டம்.

சி.கே.யின் ஏழு டெஸ்ட் அப்படிப்பட்ட கைப்பிடி. முதலாவது ஆடும்போதே வயது 36. ஏழும் ஒரே எதிரணி, இங்கிலாந்து. இருபத்தைந்திலிருந்து முப்பத்தைந்து வரை, அவர் உச்சத்தில் இருந்த காலத்தில், இந்தியாவுக்கு டெஸ்டே கிடையாது. நாற்பதுக்குப் பிறகு போர். மூட்டையின் நடுப்பகுதி சாம்பிளுக்கு வரவே இல்லை.

இன்ஜினீயர் புத்தி மறுபக்கத்தையும் பார்க்கச் சொல்கிறது. போர்க்கால ரன்களை அப்படியே நம்பிவிடவும் கூடாது. வெளிநாட்டு அணிகள் வரவில்லை. நாள் கணக்கில்லாத ஆட்டம், அவசரம் இல்லை. ஆட்டம் முழுவதும் 2,078 ரன் வந்ததென்றால் மட்டைக்காரர்கள் சாமர்த்தியம் மட்டும் காரணமாக இருக்காது. ஆடுகளமும் அவர்கள் பக்கம் நின்றிருக்கும். ஆகவே 278-ஐயும் 249-ஐயும் கொஞ்சம் குறைத்துத்தான் எடைபோடணும். அப்படிப் பார்த்தால், அதே களத்தில் வீசி எடுத்த 11 விக்கெட்டின் எடை கூடும் இல்லையா? எண்ணை மட்டும் தனியாக எடுத்து வைத்தால் அது ஊமை. அது எந்தச் சூழ்நிலையில், யாருக்கு எதிராக, எத்தனை தடவை அளந்து வந்தது என்று பக்கத்தில் எழுதினால்தான் பேசும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், எங்கள் அலுவலகத்தில் புதிதாக ஆள் எடுக்கும் குழுவில் சில வருஷங்களாக நானும் உட்காருகிறேன். நூற்றுக்கணக்கான விண்ணப்பம் வரும். அறுபது சதவீதம் என்று ஒரு கோடு போட்டால் கம்ப்யூட்டர் ஒரு நொடியில் பாதியைக் கழித்துவிடும். கழிந்துபோனவர்களில் காலையில் தோட்ட வேலைக்கு ஜீப்பில் மலையேறும் அம்மாவுக்குப் பிறந்து, தமிழ் மீடியத்தில் படித்து, முதல் இரண்டு செமஸ்டரில் பாஷை புரியாமல் அரியர் வைத்து, கடைசி நாலு செமஸ்டரில் எழுபத்தைந்து எடுத்த பிள்ளைகள் இருப்பார்கள். மொத்தச் சராசரி 59 என்றுதான் வரும். இப்போதெல்லாம் சராசரியைப் பார்ப்பதோடு, செமஸ்டர் வாரியாக எண்களை வரிசையாக வைத்துப் பார்க்கணும் என்று குழுவில் பேசுகிறேன். ஏறுமுகமா இறங்குமுகமா என்று அப்போதுதான் தெரியும். எல்லா நேரமும் ஜெயிப்பதில்லை. சில நேரம் ஜெயித்திருக்கிறேன். அப்படி உள்ளே வந்தவர்கள் நன்றாகவே வேலை செய்கிறார்கள்.

தோற்ற பிறகு

கதை 1945 மார்ச்சோடு முடிந்திருந்தால் இதை ஒரு சோகக் கதையாக எழுதி முடித்திருப்பேன். 374 ரன் வித்தியாசத்தில் தோற்ற அதே ஹோல்கர் அணி, அடுத்த சீசனில், 1945-46-ல், முதல் தடவையாக ரஞ்சிக் கோப்பையை வென்றது. கேப்டன் அதே சி.கே. நாயுடு. வயது 50. அந்த சீசனில் மைசூரை எதிர்த்து ஹோல்கர் 8 விக்கெட்டுக்கு 912 ரன் எடுத்தபோது ஒரே இன்னிங்ஸில் ஆறு பேர் சதம் அடித்தார்கள். அந்த ஆறில் ஒருவர் கேப்டன். பரோடாவை எதிர்த்து 200 ரன். அவருடைய வாழ்க்கையிலேயே அதிகபட்சம் அதுதான். ஐம்பதாவது வயதில்! அதற்குப் பிறகும் ஹோல்கர் 1947-48, 1950-51, 1952-53 ஆகிய சீசன்களில் கோப்பையை எடுத்தது.

அவர் உடம்பை வைத்திருந்த விதமும், ஒழுங்கு விஷயத்தில் பிடித்த கண்டிப்பும் பிரசித்தம். இளையவர்களிடம் கேட்டதைத் தானும் செய்தார். 1956-ல் பத்மபூஷண் விருது வந்தது. வேறு யாராக இருந்தாலும் அதோடு மாலையை வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். இவர் 1956-57 சீசனில், 61 வயதில், உத்தரப் பிரதேசத்துக்காக ரஞ்சியில் ஆடினார். கடைசி முதல்தர ஆட்டம், நிதி திரட்டுவதற்காக நடந்தது, 1963-64 சீசனில். வயது 68. முதல் உலகப் போரில் தொடங்கி, இரண்டாம் உலகப் போரைத் தாண்டி, சுதந்திரத்தையும் தாண்டி, 47 வருஷம் மட்டையைக் கையிலிருந்து இறக்காத மனிதர். 1967 நவம்பர் 14 அன்று இந்தூரில் காலமானார்.

நம் பேட்ச் நண்பர்கள் பலர் இப்போது முப்பத்தைந்தை ஒட்டி இருக்கிறோம். சிலர் வேலை மாறலாமா என்று யோசிக்கிறார்கள். சிலர் போட்டித் தேர்வுக்கு வயது தாண்டிவிட்டதே என்கிறார்கள். சொந்தத் தொழில் தொடங்க இது நேரமா என்று ஒரு நண்பர் போன மாதம் கேட்டார். சி.கே. தன் முதல் டெஸ்டை ஆட இறங்கியது நம் வயதில். அதனால் எல்லாருக்கும் எல்லாம் நடக்கும் என்று சொல்ல வரவில்லை. அவருக்கும் எல்லாம் நடக்கவில்லையே! வேண்டிய காலத்தில் டெஸ்ட் கிடைக்கவில்லை. கேப்டனாக ஒரு டெஸ்டும் ஜெயிக்கவில்லை. நாலில் மூன்று தோல்வி, ஒன்று டிரா. கிடைத்த மைதானத்தில், கிடைத்த வருஷத்தில், முழுசாக ஆடினார். அவ்வளவுதான் அவர் கையில் இருந்தது.

படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் மார்க் ஷீட்டைத் தூக்கி எறியவும் வேண்டாம், தலையில் வைத்துக் கும்பிடவும் வேண்டாம். அதை ஒரு ஸ்கோர் புத்தகம் மாதிரிப் படியுங்கள். எந்தக் களத்தில், எத்தனை பந்து சந்தித்து எடுத்தது என்று உங்களுக்குத் தெரியும். அதைப் பக்கத்தில் எழுதி வையுங்கள். நாளைக்கு நீங்களே ஆள் எடுக்கும் நாற்காலியில் உட்காரும்போது, எதிரே இருப்பவரின் கணக்குக்குப் பக்கத்திலும் அந்த இடத்தைக் கொஞ்சம் காலியாக விட்டு வைத்துக் கேளுங்கள்.

1994 முதல் கிரிக்கெட் வாரியம் வழங்கும் வாழ்நாள் சாதனையாளர் விருது அவர் பெயரில்தான். இன்னொன்றும் உண்டு. இளம் ஆட்டக்காரர்களுக்காக மாநிலங்களுக்கிடையே நடக்கும் போட்டிக்கு சி.கே. நாயுடு கோப்பை என்று பெயர். அறுபத்தெட்டு வயது வரை ஆடியவரின் பெயரில், இருபது வயதுப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். இந்த வருஷமும் எங்காவது ஒரு மைதானத்தில், தோற்றுக்கொண்டிருக்கும் அணிக்காக ஒரு பையன் தன் நாற்பதாவது ஓவரை வீச நடந்துபோவான். ஸ்கோரர் அதை எழுதிக்கொண்டிருப்பார்.

அனைவருக்கும் மறுசந்திப்பு வாழ்த்துகள்.